ஆளுக்கில்லை, நோவுக்கு

போன வெள்ளிக்கிழமை சாமி புறப்பாட்டில் மூலைக்கடை முதலாளியின் மூக்கைக் காணவில்லை. அதைப் பார்த்த கணத்தில்தான், அத்தையைப் பற்றி எழுதியே தீரவேண்டும் என்று எனக்குப் பட்டது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட பெருமாள் எங்கள் பக்கத்துச் சாலை மண்டபத்தில் இறங்கியிருந்தார். அன்றைக்கு முதலாளியின் உபயம். மாலைத் தட்டை அவரே இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். தம் மூச்சுக் காற்று பூவில் பட்டுவிடக் கூடாதென்று வெள்ளைத் துணியால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, பின்னந்தலையில் நன்றாக இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். எங்கள் ஜனங்கள் நிற்கிற இடம் சாலைக்கு அந்தப்புறம், புளியமரத்தடி. நான் கிறிஸ்தவப் பெண், சேரிப் பள்ளிக்கூடத்து டீச்சர். சாமி கும்பிட நிற்கவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன். சரியான புழுக்கம். மேளம் ஓயவே இல்லை. அவ்வளவு நேரமும் அந்த மனிதர் துணியைத் தொடக்கூட இல்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு தவிப்பு இல்லை.

இந்த மனிதருக்குத்தான், வாயில் துணி கட்டினால் மூச்சு முட்டும் என்று முன்பு விஷ ஜுரத்தின்போது டாக்டர் சீட்டுக் கொடுத்திருந்தார்.

என் பக்கத்தில் அத்தையின் மகள் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். "அக்கா, நல்லாத்தானே கட்டத் தெரியுது" என்றேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "முடிச்சு எங்கம்மா போட்ட மாதிரியே இருக்குது" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏனென்றால் இந்த ஐப்பசியில் தறிக்காரத் தெருக்களில் மறுபடியும் இருமல் ஜுரம். கடைத்தெருவில் மறுபடியும் துணிப் பேச்சு, சீட்டுப் பேச்சு.

அத்தை என்றால் எனக்குச் சொந்த அத்தை இல்லை. சேரி முழுக்க அவளுக்கு அதுதான் பேர். பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறையில் கொப்பரைக்கு அடியில் நெருப்புத் தள்ளுவது அவள் வேலை. நூலை அவள் தொடக்கூடாது. நெருப்பைத் தொடலாம். கல்யாணக் கூறைகளில் நீங்கள் பார்க்கிற அரக்குச் சிவப்பில் பாதி அத்தையின் நெஞ்சுக்குள் புகையாகப் போனது. அதனால் வந்த இரைப்பு அவளுக்கு. உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். நடந்தால் அவள் வருவதற்கு முன்னால் அவள் மூச்சு வரும், ஓட்டைத் துருத்தி மாதிரி. கேட்டால் சிரிப்பாள்: "கட்டினவன் போயிட்டான். இவன் என்னை வுடமாட்டேங்கறான்."

இந்த இரைப்பை வைத்துக்கொண்டுதான் அவள் ஊரிலேயே அதிகம் பேசினாள். மாதா கோயிலில் பாட்டுப் பாடினால் மற்றவர்கள் முடித்த பிறகும் அவள் ஒரு அடி பின்னால் வந்துகொண்டிருப்பாள். உபதேசியார் ஒருநாள், அத்தை கொஞ்சம் மெதுவாகப் பாடலாமே என்றாராம். ஆண்டவருக்கு நம்ம சேரி தூரம் ஐயா, உரக்கப் பாடினால்தான் எட்டும் என்றாளாம்.

ஆனால் அத்தை என்றதும் எனக்கு நினைவு வருவது அவள் கைகள்தான்.

எங்கள் ஜனம் மேல்தெருக்காரர்களிடம் பேசினால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசவேண்டும். எங்கள் மூச்சு அவர்கள்மேல் படக்கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகுகிற மாதிரி குழந்தைகள் தானாகப் பழகிக்கொள்ளும். என் அப்பா பொத்தினார். உபதேசியாரே, ஞானஸ்நானம் வாங்கி, கோட்டுப் போட்டு, பைபிளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தும், பண்ணைக்காரரைக் கண்டால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அத்தை மட்டும் பொத்தியதில்லை. அதற்காக யாரோடும் அவள் சண்டைக்கும் போனதில்லை. அவள் வழி வேறு. வெளியே போகும்போது இரண்டு கையிலும் எதையாவது வைத்துக்கொள்வாள். ஒரு கையில் விறகு, ஒரு கையில் தண்ணீர்க் குடம். ஒன்றும் அகப்படாத நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தையை இரவல் வாங்கிக்கொண்டு போவாள்.

நானே அப்படி இரவல் போன குழந்தைதான். அம்மா சொல்லியிருக்கிறாள். கூரம் பக்கத்து ஏரிக்கரையில் முள் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்க, அத்தை என்னை ஒரு கையிலும் அம்மாவின் கஞ்சிக் கலயத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு போனாளாம். பண்ணைக் காரியஸ்தர், வாயைப் பொத்திப் பேசு என்று அதட்டியிருக்கிறார். "பொத்துவேங்க. புள்ள விழுந்துடும், பரவால்லீங்களா?" என்றாளாம் அத்தை, நல்ல பணிவான குரலில். பிள்ளையைக் கீழே போடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முள் வெட்ட அனுமதி கிடைத்தது. வீட்டுக்கு வந்து என்னை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, "உம் பொண்ணு நல்லா வேலை செஞ்சுது" என்றாளாம்.

எதற்காக இவ்வளவு பாடு, ஒரு கையை வாயில் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று என் அப்பா கேட்டபோது அத்தை சொன்னது இன்னும் எங்கள் வீட்டு வரிசையில் சொல்லப்படுகிறது: "மரியாதை குடுக்க வாய் போதும்பா. கை எதுக்கு?"

இந்த அத்தைதான் விஷ ஜுர வருஷத்தில், தன் கையாலேயே, தன் வாயில் துணி கட்டிக்கொண்டாள். கட்டச் சொன்னவள் நான்.

சீமையில் சண்டை முடிகிற சமயம் அது. பட்டறைகள் நின்றுவிட்டன. நான் படித்துக்கொண்டிருந்த மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வந்தால் எந்த வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை. அத்தையின் மகள், முதல் பிள்ளை வயிற்றில், ஜுரத்தில் படுத்துக் கிடந்தாள். கடைத்தெருவில் இரண்டு வியாபாரிகள் அடுத்தடுத்துப் போனதும் கடைக்காரர்கள் பயந்துபோய்க் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டாமல் யாரும் கடைக்கு வரக்கூடாது. மூச்சு வியாதி உள்ளவர்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தால் கட்ட வேண்டியதில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுகாதாரப் பாடத்தில் படித்ததை ஒரு ஊரே செய்யப்போகிறது. பழைய வேட்டிகளைக் கிழித்து வெந்நீரில் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோனேன். எப்படிக் கட்டுவது, எப்போது துவைப்பது என்று ஒரே பிரசங்கம். கிண்டலுக்குக் குறைவில்லை. மாட்டுக்கு வாய்ப்பூட்டுப் போடுகிற மாதிரி போடறியேம்மா என்றார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடைக்காரனும் கட்டுவானா?"

"எல்லாரும் கட்டினால்தான் அத்தை பலன். உன் மூச்சு அவருக்குப் போகக் கூடாது. அவர் மூச்சு உனக்கு வரக்கூடாது. அவ்வளவுதான்."

அத்தை துணியை மடியில் வைத்து நீவினாள். "அவன் மூச்சு எனக்கு ஆகாதுன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குதா?"

"போட்டிருக்கிறது."

"இது நல்லா இருக்குதே" என்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "நோவுக்குன்னா கட்டறேன் கண்ணு. ஆளுக்குன்னாதான் கட்டமாட்டேன்."

கட்டிக்கொண்டாள். இரைப்புக்காரிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சீட்டுக் கிடைக்கும் அத்தை, முதலில் அதை வாங்கிவிடுவோம் என்றேன். மகளுக்குக் கஞ்சி வைக்க நொய் இல்லை, முதலில் கடை என்று கிளம்பிவிட்டாள். கையை வீசிக்கொண்டு, ஒன்றுமே எடுத்துக்கொள்ளாமல் அவள் நடந்துபோய் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூலைக்கடையில் எங்களுக்கு வாசல் கிடையாது. பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஜன்னல். கூடவே போன நான் அதன் வழியாக எட்டிப் பார்த்தேன். முதலாளி வெறும் முகத்தோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குமேல் சுவரில் டாக்டர் சீட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே பெஞ்சில் மேல்தெருப் பெரிய மனிதர்கள் மூன்றுபேர். அவர்களும் வெறும் முகம். அவர்களில் ஒருவர் இருமிக்கொண்டே வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

நீங்கள் கட்டவில்லையே என்று கேட்டேன். எனக்கு மூச்சு முட்டும், டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று மேலே கை காட்டினார். மற்றவர்களுக்கு? அவர்களிடமும் சீட்டு இருக்கிறதாம்.

"எல்லாருக்கும் ஒரே நாள்ல முட்டிப்போச்சா?" என்றாள் அத்தை.

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "இன்னாம்மா பேசற? நாங்க யார் எதிர்ல கட்டிக்கினு உக்காரணும்?"

அவர் வேண்டுமென்று குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாதது. வாயை மூடுவதென்றால் சிறியவன் பெரியவனுக்கு எதிரில் மூடுவது. அந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஜுரம் வந்தது, துணி வந்தது, பிரேதம் போகாத நாள் இல்லை. அப்போதும் அவர்களுக்குத் துணி கண்ணில் படவில்லை, வணக்கம்தான் கண்ணில் பட்டது. சீட்டு வாங்க ஓடியவர்கள் யாரும் மூச்சுக்காக ஓடவில்லை. நான் யாருக்கும் வாய் பொத்துகிறவன் இல்லை என்று எழுதி வாங்கத்தான் ஓடினார்கள். நான் படித்த சுகாதாரப் பாடத்தில் இது இல்லை.

அத்தை முடிச்சை அவிழ்த்தாள். துணியை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். "அப்ப இது நோவுக்கு இல்லை" என்றாள். ஜன்னல் கதவு எங்கள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது.

நேரே டாக்டர் வீட்டுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். கடைத்தெருக் கோடியில் சொந்தமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். சீட்டு இவளைப் போன்றவர்களுக்குத்தானே உண்டானது? பாதித் தெருவுக்கு அவள் மூச்சு கேட்கிறது, மறுக்க முடியுமா? அப்படித்தான் நினைத்தேன். பதினாறு வயது.

கொல்லைப்பக்கம் வரச் சொன்னார்கள். டாக்டர் படியிலேயே நின்றுகொண்டார். கழுத்தில் குழாய் தொங்கியது. என்ன வியாதி என்று என்னைக் கேட்டார். அத்தை பதில் சொல்ல வாயெடுத்தாள். "வாயைப் பொத்திக்கிட்டுப் பேசச் சொல்லு" என்றார், என்னிடம்.

அத்தை தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இரண்டும் வெறுங்கை. பிறகு நிதானமாக என்னிடமிருந்து குடையை வாங்கி ஒரு கையில் பிடித்தாள். என் தோளிலிருந்த புஸ்தகப் பையைக் கழற்றி இன்னொரு கையில் பிடித்தாள்.

"கை வேலையா இருக்குதுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு வரவில்லை. குழாயை அவர் காதில் வைக்கவே இல்லை. "இவ்வளவு வாய் பேசறவளுக்கு இரைப்பாவது ஒண்ணாவது. போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு அத்தை நின்ற இடத்திலேயே மூச்சுக்குத் தவித்தாள். என் குடையை ஊன்றிக்கொண்டு.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கே ஜுரம் வந்துவிட்டது. மறுநாள் அம்மாவும் அப்பாவும் விழுந்தார்கள். எங்கள் வரிசையில் காலூன்றி நின்றவள் அத்தை ஒருத்திதான். ஜுர மயக்கத்தில் ஒரு காட்சி மட்டும் எனக்குத் தெளிவாக இருக்கிறது. பாயின் ஓரத்தில் அத்தை குனிந்து நிற்கிறாள். மூக்கிலும் வாயிலும் நான் கொடுத்த துணி.

"பாரு கண்ணு, கட்டிக்கினேன்" என்றாள் துணிக்குள்ளிருந்து. "ஆளுக்கில்லை. நோவுக்கு."

மகளுக்குக் கஞ்சி வேண்டும். எங்களுக்குக் கஞ்சி வேண்டும். துணி இல்லாமல் ஜன்னல் திறக்காது. கட்டிக்கொண்டு போனாள், வந்தாள். மறுபடி போனாள். ஒவ்வொரு தடவையும் சீட்டுக்காரர்கள் சாவகாசமாக வாங்கிப் போன பிறகுதான் ஜன்னல் பக்கம் ஆள் வருவானாம்.

கடைசி நாளைப் பற்றி எனக்குச் சொன்னது உபதேசியார். அவரும் அன்றைக்கு ஜன்னலில் நின்றிருந்தார். மழைத் தூறல். நனைந்த துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டால் நல்ல நெஞ்சுக்காரனுக்கே மூச்சு வராது. அத்தை துணியை ஒரு விரலால் கீழே இழுத்துக் கொஞ்சம் காற்றுக் குடித்தாள். "துணி இறங்கினா சாமான் கிடையாது" என்றான் கடை ஆள். உள்ளே பெஞ்சிலிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தது என்று உபதேசியார் சொன்னார். அத்தை துணியை மேலே ஏற்றிக்கொண்டாள். நொய் வந்தது. இரண்டு முடிப்பு. ஒன்று அவள் மகளுக்கு, ஒன்று எங்களுக்கு. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தாள். உபதேசியார் தமக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு கொஞ்சம் பிந்திக் கிளம்பினார்.

சேரிக்குத் திரும்புகிற மதகில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சேறு. முடிப்புகளைக் கீழே வைக்க இடமில்லை. வைத்தால் நொய் நனைந்துவிடும். இரண்டையும் மடியில் அணைத்து, மேலே குனிந்து, முந்தானையால் மூடிப் பிடித்திருந்தாள். நொய் ஒரு மணிகூட நனையவில்லை. துணி கட்டியபடியே இருந்தது. அவிழ்க்கக் கை இல்லை.

ஊரில் அவளையும் ஜுரத்தில் போனவர்களோடு சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஜுரமே வரவில்லை.

அந்த நொய்யில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துத்தான் அத்தையின் மகள் எழுந்தாள், நான் எழுந்தேன். வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது என்னிடம் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். ஓயாமல் பேசுகிறான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் துணிமேல் கோபம் இல்லை. துணி நல்லது. என் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை இருமினாலும் இன்றைக்கும் கட்டித்தான் விடுகிறேன், நானும் கட்டிக்கொள்கிறேன். சீட்டின்மேலும் கோபம் இல்லை. உண்மையில் மூச்சு முட்டுகிறவளுக்குக் கொடுத்திருந்தால் அத்தை இன்றைக்குக் கோயிலில் எல்லோருக்கும் பின்னால் பாடிக்கொண்டிருப்பாள். நெஞ்சில் ஒன்றுமில்லாதவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சீட்டு. நெஞ்சு முழுக்கப் புகையாக இருந்தவளுக்கு, வாயைப் பொத்து. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைவரைக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாவம், அவர்களுக்குக் கட்டத் தெரியாது, பழக்கம் இல்லை என்று. நன்றாகத் தெரிகிறது. ஒரு பூமாலைக்காக ஒரு பகல் முழுக்கக் கட்டத் தெரிகிறது.

நேற்றுக் கடைத்தெருவில் முடிவு செய்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து துணி. அதே டாக்டர், அதே சீட்டு.

இன்று காலையிலிருந்து வீடு வீடாகப் போய்வந்துவிட்டேன். உபதேசியார், எதற்கு வம்பு, ஒரு மனு எழுதிப் போடலாமே என்றார். எழுதுங்கள் ஐயா, வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்கள் திங்கட்கிழமை கடைக்குப் போகிறோம் என்றேன். கக்கத்திலிருந்த பைபிளைத் திண்ணையில் வைத்தார். பிறகு, குடம் தூக்க எனக்கும் கை இருக்கிறது டீச்சரம்மா என்றார்.

சந்து ஜன்னலுக்குப் போவதாக இல்லை. முன்வாசல். எல்லோரும் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒழுங்காகத் துணி கட்டிக்கொண்டு வருகிறோம். ஒரு துணி கூடுதலாக வருகிறது. நல்ல வெள்ளை மல், துவைத்துக் கஞ்சி போட்டது. அத்தையின் மகள் அதை முதலாளியிடம் நீட்டுவாள். பேசப்போவது அவள்தான். என்ன சொல்லவேண்டும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பார்த்தோம், உங்களுக்கு நன்றாகக் கட்டவருகிறது என்று சொன்னால் போதும் என்றேன். யாருக்கு முன்னால் கட்டவேண்டும் என்று அவர் மறுபடியும் கேட்டால் அதற்குப் பதில் அவளுக்கே தெரியும்.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஆள் விட்டு விரட்டலாம். பொத்திக்கொண்டு பேசு என்று என்னிடமும் சொல்லலாம். அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். அக்காவின் கைக்குழந்தையைத் திங்கட்கிழமைக்கு இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் அத்தையின் குடம். அவர் கட்டுகிறவரை இரண்டையும் கீழே வைப்பதாக இல்லை.